வால்வு மூடியிருக்கிறதா? – வாசகர் கேள்விகளும் ஒரு பழைய ஃபிட்டரின் பதில்களும்

தொழிற்சாலைக் குழாய்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று ஆசிரியர் சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தார். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வால்வைப் பற்றித்தான். உரத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, அனல் மின் நிலையத்தில் வால்வு பிரிவு ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். வால்வைத் திருகும் கைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் பிடிவாதம் உண்டு. அதனால் சில பதில்கள் நீளமாகிவிட்டன.

எங்கள் டையிங் யூனிட்டில் ஸ்டீம் லைனில் கேட் வால்வு போட்டிருக்கிறோம். சாயத் தொட்டிக்கு ஸ்டீமைக் குறைத்துக் கொடுக்க அதைக் கால்வாசி திறந்து வைப்போம். சில மாதங்களில் முழுசாக மூடினாலும் ஸ்டீம் பாஸ் ஆகிறது. "இந்த கம்பெனி சரக்கு சரியில்லை, வேறு வாங்கு" என்கிறார் சூப்பர்வைசர். வேறு வாங்கியும் அதே கதைதான். என்ன செய்வது?
– பராமரிப்புப் பணியாளர், திருப்பூர்

தம்பி, கம்பெனியை மாற்ற வேண்டாம். வால்வின் ரகத்தை மாற்றுங்கள்.

கேட் வால்வின் உள்ளே இருப்பது ஆப்பு வடிவத்தில் ஒரு தட்டு. ஹேண்ட் வீலைத் திருகினால் அது மேலே ஏறி பானெட் என்ற மேல்மூடிக்குள் ஒதுங்கிக்கொள்ளும், குழாயின் வழி முழுசாகத் திறந்துவிடும். இறக்கினால் தட்டு உட்காரும் இடமான இரண்டு பக்க சீட் வளையங்களுக்கும் நடுவே போய் இறுகும். முழுசாகத் திறப்பது, முழுசாக மூடுவது, அதற்கு இந்த இரண்டு வேலைதான். நடுவில் நிறுத்தினால் ஸ்டீம் மொத்தமும் தட்டின் கீழ் விளிம்புக்கும் சீட்டின் அடிப்பக்கத்துக்கும் இடையே உள்ள பிறை வடிவச் சந்தில் புகுந்து ஓட வேண்டும். சந்து சின்னது என்பதால் வேகம் எகிறும். ஸ்டீமோடு வரும் நீர்த்துளியும் துருவும் அதே வேகத்தில் சீட்டை அறுக்கும். தட்டோ எதிலும் உட்காராமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதிர்ந்து அதிர்ந்து பக்கவாட்டு வழிப்பள்ளத்தில் அடித்துக்கொள்ளும்.

அடுத்த தடவை கழற்றும்போது பழைய இரும்பில் தூக்கிப் போடாமல் தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேல் பாதியில் கடைசல் போட்ட பளபளப்பு அப்படியே இருக்கும். கீழ் விளிம்பில் மட்டும் மெல்லிய கோடுகள் வரிவரியாக ஓடும், எல்லாமே ஸ்டீம் போகும் திசையில். நகத்தை வைத்து குறுக்கே இழுத்தால் தட்டுப்படும். வயர் டிராயிங் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அந்தக் கோடு விழுந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஸ்டீமுக்கு அங்கே வழி இருக்கிறது. போகப் போக அது ஆழமாகும். மேலோட்டமான கீறலை லேப்பிங் போட்டு, அதாவது பசை தடவித் தேய்த்து, எடுக்கலாம். நகம் தட்டுப்படும் அளவுக்குப் போய்விட்டால் மறுபடி கடைசல்தான், இல்லாவிட்டால் புது வால்வுதான்.

குறைத்துக் கொடுக்கும் வேலைக்கு இருப்பது குளோப் வால்வு. அதன் வயிற்றுக்குள் குறுக்கே ஒரு சுவர், சுவரில் ஒரு வட்டத் துளை, துளையின் விளிம்பில் சீட். டிஸ்க் மேலிருந்து நேராக அதன் மீது இறங்கும். பாதி இறக்கினாலும் இடைவெளி வட்டம் முழுக்க ஒரே அளவாக இருக்கும். ஒரு பக்கமாக அறுக்காது, டிஸ்க்கும் ஆடாது. இதற்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும். ஸ்டீம் உள்ளே ஏறி இறங்கி வளைந்து போக வேண்டியிருக்கிறது. முழுசாகத் திறந்த ஒரு குளோப் வால்வு, குழாயின் விட்டத்தைப் போல் சுமார் 340 மடங்கு நீளமுள்ள குழாய் கொடுக்கும் தடையைக் கொடுக்கும். கேட் வால்வுக்கு அது சுமார் 8 மடங்குதான். இரண்டு இன்ச் லைனில் கணக்குப் போட்டால் குளோப்புக்கு 17 மீட்டர் குழாய், கேட்டுக்கு 40 சென்டிமீட்டர். அதனால்தான் மெயின் லைனில் கேட், தொட்டிக்குப் பிரியும் கிளையில் குளோப் என்று இரண்டையும் போடுவார்கள். முன்னால் உள்ள கேட்டை முழுசாகத் திறந்துவிட்டு, ஸ்டீமைக் குளோப்பில் குறையுங்கள். தானாகவே வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோல் வால்வு போட்டாலும் அதற்குள் பெரும்பாலும் இந்த குளோப் அமைப்புதான் இருக்கும்.

குளோப்பின் உடம்பில் அம்புக்குறி இருக்கும், அதன்படியே மாட்டுங்கள். சாதாரணமாக ஸ்டீம் டிஸ்க்கின் அடியிலிருந்து மேலே வரும்படி இருக்கும். அப்போதுதான் மூடியிருக்கும் நேரத்தில் கிளாண்ட் (தண்டு வெளியே வரும் இடத்தின் அடைப்பு) மீது பிரஷர் இருக்காது, அதற்குள் திணித்த பேக்கிங் நாள்பட வரும்.

அப்புறம் ஒன்று. கேட் வால்வை நல்ல சூட்டில் பலம் கொண்டு இறுக்கி மூடிவிட்டு லைனை ஆறவிடாதீர்கள். உடம்பு ஆறும்போது சுருங்கித் தட்டைக் கவ்விக்கொள்ளும். மறுநாள் ஹேண்ட் வீலில் ஒன்றரை மீட்டர் பைப்பைச் சொருகி இரண்டு பேர் தொங்குவார்கள், ஸ்பிண்டில்தான் (தட்டைத் தூக்கும் தண்டு) முறியும்.

ஒரு வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்ததும் எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் லேப்பில் எல்லா வால்வும் ஒரே பச்சை பெயின்ட். எந்த வால்வை எங்கே போடுவார்கள் என்றும் சொல்லுங்கள்.
– பாலிடெக்னிக் மாணவி, நாமக்கல்

நல்ல கேள்வி மகளே. பால் வால்வு (உள்ளே துளையிட்ட உருண்டை), பிளக் வால்வு (துளையிட்ட அடைப்பான்), பட்டர்ஃபிளை வால்வு (நடு அச்சில் திரும்பும் தட்டு) மூன்றும் கால் சுற்றுதான். கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். ஆனால் கைப்பிடியை யாராவது கழற்றி மாற்றிச் சொருகியிருக்கலாம். அதனால் ஸ்பிண்டிலின் தலையைப் பாருங்கள். அங்கே ஒரு கோடு வெட்டியிருக்கும், அல்லது இரண்டு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். உள்ளே உருண்டையின் துளை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அதுதான் சொல்லும்.

கேட் வால்வில் ஸ்பிண்டில் மேலே ஏறும் ரகம் என்றால், வீலுக்கு மேலே மரை நீட்டிக்கொண்டு நிற்பது திறப்பு. ஸ்பிண்டில் ஏறாத ரகமும் உண்டு. குடிநீர் வாரியம் சாலைக்கு அடியில் குழிக்குள் வைத்திருக்கும் ஸ்லூஸ் வால்வுகளில் பல இந்த ரகம்தான். வெளியே ஒன்றும் தெரியாது. திறக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்து வைப்பது ஒன்றே வழி. அந்தச் சுற்றுக் கணக்கைப் பழைய வால்வு ஆட்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அது எழுத்தில் கிடைக்க வேண்டும்.

எது எங்கே என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேஸ், காற்று, கரைப்பான் லைன்களுக்கு பால் வால்வு நன்றாக மூடும். அதன் சீட் பெரும்பாலும் டெஃப்லான் என்பதால் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சாதாரண பால் வால்வை நம்பக் கூடாது. அனல் மின் நிலையத்தின் குளிர்நீர் லைனில் ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவு குழாய் வரும். அங்கே கேட் வால்வு வைத்தால் அதைத் தூக்கவே தனி கிரேன் வேண்டும், எனவே பட்டர்ஃபிளை. ஆசிட், சேறு, மருந்துத் தொழிற்சாலை என்றால் டயஃப்ரம் வால்வு. ரப்பர் சவ்வு திரவத்துக்கும் இயங்கும் பாகத்துக்கும் நடுவே நிற்பதால் கிளாண்ட் கசிவு என்ற பேச்சே இல்லை.

ஊராட்சி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேட்டில் 40 மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டிக்கு 6 கிலோ பி.வி.சி. லைனில் தண்ணீர் ஏற்றுகிறோம். ஓடும்போது கரண்ட் போனால் 'டமார்' என்று ஒரு சத்தம். அடிக்கடி பம்ப் பக்கத்தில் பைப் வெடிக்கிறது. என்.ஆர்.வி. (தண்ணீரைத் திரும்பவிடாத வால்வு) இருந்தும் ஏன் இப்படி?
– தொட்டி இயக்குபவர், தர்மபுரி மாவட்டம்

ஐயா, உங்கள் பைப்பை வெடிக்க வைப்பதே அந்த என்.ஆர்.வி.யாக இருக்கலாம்.

கரண்ட் போனதும் பம்ப் நிற்கும். லைனில் உள்ள தண்ணீர் உடனே நிற்காது. ஏறிக்கொண்டிருந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஏறி, நின்று, அப்புறம் திரும்பி இறங்கத் தொடங்கும். சாதாரண ஸ்விங் என்.ஆர்.வி.யில் இருப்பது மேலே கீல் வைத்த ஒரு கதவு. தண்ணீர் போகும்போது திறந்து தொங்கும். அது மூடத் தாமதமானால், இறங்கி வரும் தண்ணீர் வேகம் பிடித்து, அந்த வேகத்திலேயே கதவைச் சாத்தும். நகர்ந்துகொண்டிருந்த நீர்த்தூண் மொத்தமும் ஒரே கணத்தில் நிற்கிறது. உங்களுக்குக் கேட்ட சத்தம் அதுதான்.

மாஸ்கோ நகரக் குடிநீர் லைன்களில் சோதனை செய்து ஜுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1898-ல் இதற்குக் கணக்கு கொடுத்தார். இரும்புக் குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 12 கிலோ பிரஷர் கூடுதலாக எழும். பி.வி.சி. கொஞ்சம் விரிந்து கொடுக்கும், எனவே அங்கே சுமார் 4 கிலோ. உங்கள் தொட்டி 40 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கே 4 கிலோ பிரஷர் எப்போதும் அடியில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் 8. நீங்கள் போட்டிருப்பது 6 கிலோ பைப். அடியில், அதாவது பம்ப் பக்கத்தில் வெடிப்பதற்குக் காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. போடுங்கள். தண்ணீர் திரும்புவதற்குக் காத்திராமல், வேகம் குறையும்போதே ஸ்பிரிங் அதை மூடிவிடும். லைன் நீளமாக இருந்தால் மேட்டில் பாதி வழியில் இன்னொன்று போடலாம். மேடு பள்ளமாகப் போகும் லைனில் ஒவ்வொரு மேட்டு உச்சியிலும் ஏர் வால்வு கட்டாயம். பம்ப் நின்றதும் உச்சியில் தண்ணீர் பிரிந்து வெற்றிடம் உண்டாகும். ஏர் வால்வு காற்றை உள்ளே விட்டு அதைச் சமன் செய்யும், மறுபடி ஓட்டும்போது காற்றை வெளியேற்றும். பல ஊர்களில் ஏர் வால்விலிருந்து தண்ணீர் சிந்துகிறது என்று அதை அடைத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிந்தினால் உள்ளே உள்ள மிதவைப் பந்தில் அழுக்கு ஒட்டியிருக்கும். கழுவினால் போதும், அடைக்காதீர்கள்.

பம்ப்பை ஓட்டத் தொடங்கும்போதும் டெலிவரி வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, லைன் நிறைந்த பிறகு முழுசாகத் திறங்கள். அடிப்பக்கத்துக் குழாயை 10 கிலோ ரகமாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இந்தக் கணக்கையும் சேர்த்து எழுதினால் பொறியாளர் மறுக்க மாட்டார்.

என் கணவர் அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கிறார். சேஃப்டி வால்வில் எப்போதும் ஸ்டீம் கசிகிறது என்று ஸ்பிரிங்கை இறுக்கி, லீவரையும் கம்பியால் கட்டிவிட்டார்களாம். "இப்பதான் உமி மிச்சமாகுது" என்று முதலாளி சொல்கிறாராம். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பயப்படுவது சரியா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் பக்கம்

சரிதான் அம்மா. இதழ் வரும்வரை காத்திருக்காமல் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பும்படி ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக் குக்கரின் வெயிட் என்ன செய்கிறதோ அதையே பாய்லரில் சேஃப்டி வால்வு செய்கிறது. அங்கே வெயிட், இங்கே ஸ்பிரிங். உள்ளே பிரஷர் குறித்த அளவைத் தாண்டினால் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு டிஸ்க் எழும். எழுந்ததும் ஸ்டீம் டிஸ்க்கின் அகலமான விளிம்பிலும் மோதும்படி அமைத்திருப்பார்கள். அதனால் மெல்ல மெல்லத் திறக்காமல் ஒரே எகிறாக எகிறி முழுசாகத் திறக்கும். பிரஷர் குறித்த அளவுக்குக் கொஞ்சம் கீழே இறங்கிய பிறகுதான் திரும்ப உட்காரும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். எல்லாரும் தூங்கிவிட்டாலும் அது வேலை செய்யும். பாய்லர் அறையில் அப்படி ஒரு துணை வேறு இல்லை.

அதைக் கட்டிவைத்தால் என்ன ஆகும்? பத்து கிலோ பிரஷரில் பாய்லருக்குள் தண்ணீர் 184 டிகிரி சூட்டில் இருக்கிறது. 100 டிகிரியில் கொதித்துப் போக வேண்டிய தண்ணீர், பிரஷர் அமுக்கிப் பிடித்திருப்பதால்தான் தண்ணீராகவே இருக்கிறது. எங்காவது ஒரு தகடு கிழிந்தால் அந்தப் பிடி போய்விடும். உள்ளே உள்ள தண்ணீரில் ஆறில் ஒரு பங்கு அந்த நொடியே ஸ்டீமாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் வெளிக்காற்றில் சுமார் 1,600 லிட்டர் ஸ்டீம். பாய்லருக்குள் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் இருக்கும். அந்தக் கட்டடத்தில் எதுவும் மிஞ்சாது.

கசிவுக்குக் காரணம் சாதாரணமானது. சீட்டில் உப்போ துருவோ ஒட்டியிருக்கும், அல்லது பாய்லரை எப்போதும் வால்வு திறக்கும் அளவுக்கு மிக அருகிலேயே ஓட்டுவார்கள். பாய்லரை நிறுத்தி, வால்வைக் கழற்றி, சீட்டை லேப்பிங் போட்டு, டெஸ்ட் பெஞ்சில் அளவு வைத்து சீல் போட்டால் கசிவு நின்றுவிடும். ஆலைக்கு ஒரு நாள் வேலை கெடும், அவ்வளவுதான். அந்த லீவர் இருப்பது வால்வு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பதற்கு.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஓடுகிற பாய்லரில் அந்தக் கம்பியை அவர் வெட்டப் போகக் கூடாது. பிரஷர் அளவுக்கு மேல் இருந்தால் வெட்டிய நொடியே வால்வு எகிறும், ஸ்டீம் முகத்தில் அடிக்கும். முதலில் தீயை இழுத்துப் பிரஷரை இறக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். சேஃப்டி வால்வைக் கட்டிவைப்பது சட்டப்படி குற்றம். 1923-ம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படித்தான், அதற்குப் பதிலாக வந்த 2025-ம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் இதற்கென்றே கொதிகலன் இயக்குநரகம் இருக்கிறது. அவர்களுக்கு எழுதுங்கள். வேலை போய்விடுமோ என்று அவர் தயங்குவார் என்பது தெரியும். உங்கள் பெயரில் நீங்களே எழுதுங்கள் அம்மா.

கன்ட்ரோல் ரூமில் திரையிலேயே எல்லா வால்வும் தெரிகிறது. அப்படியும் ஷிப்ட் இன்சார்ஜ் 'போய் நேரில் பார்த்துட்டு வா' என்று அனுப்புகிறார். இது வீண் அலைச்சல் இல்லையா?
– இளம் ஆபரேட்டர், மணலி

இல்லை தம்பி. அவர் உங்களை நன்றாக வளர்க்கிறார்.

1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். பிரஷரை இறக்குவதற்காகத் தானாகத் திறந்த ஒரு வால்வு, வேலை முடிந்ததும் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, திறந்தபடியே மாட்டிக்கொண்டது. பலகையில் இருந்த விளக்கோ அணைந்துவிட்டது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. வால்வை இயக்கும் சோலினாய்டு என்ற மின்காந்தத்துக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டும் காட்டியது. மின்சாரம் நின்றது, விளக்கு அணைந்தது, வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வழியாக உலையின் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதற்கு முன்னால் இருந்த இன்னொரு வால்வை மூடினார்கள். அந்த விபத்தில் உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது.

உங்கள் திரையில் வருவது என்ன என்று ஒவ்வொரு வால்வுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பிய உத்தரவா, காற்று சிலிண்டர் நகர்ந்ததா, ஸ்பிண்டிலில் வைத்த லிமிட் ஸ்விட்ச் தொட்டதா? மூன்றாவதே ஆனாலும், ஸ்பிண்டில் நடுவில் முறிந்திருந்தால் ஸ்விட்ச் சரியாகத் தொடும், உள்ளே தட்டு விழுந்து கிடக்கும். நிறத்தையும் கவனியுங்கள். மின் நிலையங்களில் பல இடத்தில் சிவப்பு என்றால் திறப்பு, பச்சை என்றால் மூடல். வேறு ஆலைகளில் நேர்மாறாகவும் வைத்திருப்பார்கள். ஆலை மாறுகிறவர்கள் முதல் நாளே இதைக் கேட்டுவிட வேண்டும். நேரில் போனால் வால்வுக்குப் பின்னால் உள்ள குழாயைக் கவனியுங்கள். மூடிய ஸ்டீம் வால்வுக்குப் பின்னால் குழாய் ஆறாமல் சூடாகவே இருந்தால் வால்வு பாஸ் ஆகிறது. காது வைத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கவும் கேட்கும். திரையில் இது எதுவும் வராது.

டேங்க் கிளீனிங் கான்ட்ராக்டில் இருக்கிறேன். "எல்லா வால்வும் மூடிப் பூட்டு போட்டாச்சு, இறங்கு" என்கிறார்கள். இறங்கலாமா?
– ஒப்பந்தத் தொழிலாளி, கடலூர்

வால்வு மட்டும்தான் மூடியிருக்கிறது என்றால் இறங்காதீர்கள். எவ்வளவு நல்ல வால்வும் கொஞ்சம் பாஸ் ஆகலாம். தொட்டிக்குள் இருக்கும் மனிதனுக்கு அந்தக் கொஞ்சமே போதும். தொட்டிக்கு வரும் ஒவ்வொரு லைனிலும் குழாய் இணைப்பான ஃபிளாஞ்சைப் பிரித்து நடுவே இரும்பு பிளைண்ட் தகடு சொருகியிருக்க வேண்டும், அல்லது ஒரு துண்டுக் குழாயையே கழற்றி வைத்திருக்க வேண்டும். தகட்டின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு தெரியும். அதைக் கண்ணால் பாருங்கள், கேட்டதை வைத்து நம்பாதீர்கள். காற்றில் ஆக்சிஜன் அளந்து பெர்மிட் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. நச்சு வாயுவும் தீப்பிடிக்கும் வாயுவும் தனியாக அளக்க வேண்டும். மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் மேலே நிற்பவர் வெறுமனே குதிக்கக் கூடாது. நம் ஊரில் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்தே இறந்த சாவுகள் எத்தனை!

காகிதமும் முக்கியம். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்ப்பின் சேஃப்டி வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மூடியை வைத்திருந்தார்கள். மூடி கசிவில்லாமல் இறுக்கப்படவில்லை. இரவு ஷிப்டுக்கு இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டிவிட்டார்கள். 167 பேர் இறந்தார்கள். உங்கள் பெர்மிட் சீட்டை வாங்கிப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழில் இல்லையென்றால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஐஸ் ஃபேக்டரி அம்மோனியா லைனில் ஒரு சின்ன வால்வு போய்விட்டது. கடையில் பித்தளை வால்வுதான் கிடைக்கிறது. தற்காலிகமாகப் போடலாமா?
– தூத்துக்குடி வாசகர்

கூடாது. தாமிரம் கலந்த எதையும் அம்மோனியா தின்றுவிடும். பித்தளை வெளியே நன்றாகத் தெரிந்துகொண்டே உள்ளே விரிசல் விட்டு, ஒரு நாள் திடீரென்று பிளக்கும். இரும்பு வால்வு வரும்வரை அந்தப் பகுதியை நிறுத்தி வையுங்கள்.

இதோடு ஆக்சிஜன் லைனையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வால்வு மரையில் எண்ணெய், கிரீஸ் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, தீப்பிடிக்கும். அந்த லைனில் வால்வைச் சட்டென்றும் திறக்கக் கூடாது. மெதுவாகத் திறங்கள்.

பழங்காலத் தமிழர்களிடம் வால்வு இருந்ததா?
– பள்ளி மாணவர், புதுக்கோட்டை

உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறது தம்பி. பழைய ஏரிகளில், கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்கு நடுவே ஒரு கல்தொட்டி. அதன் மேலே நீரோடித் துளை, கீழே தரையை ஒட்டிச் சேறோடித் துளைகள். மேல் துளையை ஓர் அடைப்பான் மூடியிருக்கும். பாசனத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஆள் நீந்திப் போய் அதைத் தூக்குவார். தண்ணீர் சுழித்து இறங்கும்போது அடியில் உள்ள சேற்றையும் இழுத்துக்கொண்டு கரைக்கு அடியில் உள்ள சுருங்கை வழியாகக் கால்வாய்க்குப் போகும். திறக்க, மூட, கூடவே தூர்வார. இன்றைய குடிநீர் லைனில் பள்ளமான இடத்தில் சேற்றை வெளியேற்ற ஸ்கவர் வால்வு என்று தனியாக ஒன்று வைக்கிறோம். அவர்கள் இரண்டு வேலையையும் ஒரே அமைப்பில் முடித்திருக்கிறார்கள். ஒரு கோடையில் ஏரி வற்றும்போது போய்த் துளையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

பழைய ஆலை உடைத்த வால்வுகள் மலிவாக வருகின்றன. ஒன்றில் '150' என்றும் 'டபிள்யூ.சி.பி.' என்றும் போட்டிருக்கிறது. 150 பவுண்டு பிரஷர்தான் தாங்குமா? 10 கிலோ ஸ்டீமுக்கு வாங்கலாமா?
– சிறுதொழில் முனைவோர், கோயம்புத்தூர்

150 என்பது கிளாஸ் (அழுத்த வகுப்பு), நேரடியாகப் பிரஷர் கிடையாது. டபிள்யூ.சி.பி. என்பது வார்ப்புக் கார்பன் ஸ்டீல். அந்த இரும்பில் கிளாஸ் 150 வால்வு சாதாரண வெப்பத்தில் 19.6 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு கிலோ) தாங்கும். சூடு ஏற ஏற அது குறையும். 200 டிகிரியில் 13.8, 300-ல் 10.2, 400-ல் 6.5 பார். உங்கள் 10 கிலோ ஸ்டீம் 184 டிகிரி என்பதால் கணக்குப்படி தாங்கும்.

ஆனால் கணக்கு புது வால்வுக்கு. பழையதில் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. பெயின்ட் அடித்துப் பளிச்சென்று வைத்திருப்பார்கள். ஃபிளாஞ்ச் முகத்தைப் பாருங்கள், கேஸ்கட் உட்காரும் வரிகள் முழுசாக இருக்க வேண்டும். கிளாண்ட் போல்ட்டைத் தளர்த்தி ஸ்பிண்டிலில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு பேக்கிங் இருந்தால் அதை உலர்வாகச் சுரண்டாதீர்கள், தூசி நுரையீரலுக்குப் போகும். நனைத்து எடுத்துவிட்டு கிராஃபைட் போடுங்கள். அப்புறம் உங்கள் கண்முன்னால் தண்ணீர் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். உடம்புக்கு ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 30 பார். சீட்டுக்கு 1.1 மடங்கு, சுமார் 22 பார்.

இவ்வளவும் தேறினாலும் பாய்லர் ஸ்டீம் லைனுக்கு இன்னொன்று வேண்டும்: இந்தியக் கொதிகலன் விதிகளின்படி தயாரிப்பாளர் கொடுத்த மூன்று-சி படிவம். வால்வின் உடம்பில் அடித்த எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் அது அநேகமாக இருக்காது. அப்படியானால் அந்த வால்வுகளைக் குளிர்நீர் லைனுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்டீமுக்குப் புதுசு வாங்குங்கள்.